கட்டை விரலுக்கு ஒரு வழி விடுங்கள்!

"காலில் எலும்பு வளர்ந்துவிட்டதடா!" என்று அக்கா தன் பாதத்தைக் காட்டினாள். பதினெட்டு வருஷமாக வகுப்பில் நின்றுகொண்டே பாடம் சொல்லிக்கொடுத்த கால் அது. கட்டை விரலின் அடியில், உட்பக்கமாக, கோலிக்குண்டு போல ஒரு புடைப்பு. விரலோ பக்கத்து விரலின் மேல் சாய்ந்து கிடந்தது. மெட்டி உறுத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாளாம்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வளரவில்லை, அம்மா! இடம் பெயர்ந்திருக்கிறது" என்றார் அவர்.

எப்படி இடம் பெயரும் என்கிறீர்களா? இடுப்பு மூட்டைப் போல இங்கே ஆழமான குழி கிடையாது. பாத எலும்பின் உருண்டையான நுனி, விரல் எலும்பின் ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நுனியில் ஒரு தசைகூட நேராக ஒட்டியிருப்பதில்லை. இரு பக்கமும் உறுதியான நார்கள். அடியில் தடித்த நார்ப்பட்டை. அங்கே பட்டாணி போல இரண்டு குட்டி எலும்புகள். இவைதாம் அதற்குக் காவல்.

காவல் பலமாக இருக்க வேண்டாமா? ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்பும்போது உடம்பின் பாரம் இந்த விரலுக்கு வருகிறது. விரல் மேல்நோக்கி மடங்க, உள்ளங்கால் நார்ப்பட்டை ராட்டினக் கயிறு போல இறுகிப் பாதத்தின் வளைவைத் தூக்குகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார். வீட்டில் யாரையாவது நிற்கச் சொல்லி, கட்டை விரலை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் உள்வளைவு எழும்புவது கண்ணுக்கே தெரியும்.

முனை குறுகிய பாதரட்சை இந்த விரலை நாள் முழுவதும் பக்கவாட்டில் தள்ளுகிறது. உட்பக்க நார் நைந்து தளர்கிறது. பாத எலும்பு, குட்டி எலும்புகளை விட்டு வழுக்கி வெளியே வருகிறது. பிறகு, விரலை நேராக இழுக்க வேண்டிய தசைகளே அதைக் கோணலாக இழுக்கத் தொடங்கிவிடும்! வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

1958-ல் வெளியான ஒரு ஹாங்காங் ஆராய்ச்சியில், ஷூ அணிகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோணல் இருந்தது. அணியாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது. செருப்பை மாற்றலாம் அல்லவா?

தைலம் தேய்த்தோ, பட்டை கட்டியோ சாய்ந்த எலும்பை நிரந்தரமாக நிமிர்த்த முடியாது. வலி பொறுக்கமுடியாமல் போனால்தான் ஆபரேஷன். ஆரம்பத்திலேயே அகலமான முனையுள்ள செருப்புக்கு மாறினால் வலி குறையும். திடீரென்று விரல் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டால், அது வேறு வியாதி. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்காரர்கள் சின்னப் புண்ணைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். பழைய பேப்பரில் நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அதன்மேல் உங்கள் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் செருப்பு குற்றவாளி!

அக்கா தன் பெண்ணின் காலேஜ் ஷூவை அப்படித்தான் பரீட்சித்தாள். இரண்டு பக்கமும் கோடு தெரிந்தது. பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என் காலைப் பார்த்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்" என்றாள் அக்கா.