பெயர்ப் பதிவேட்டில் மேக் முகவரி வேண்டாம்



போன், கம்ப்யூட்டர் எதுவானாலும் தயாரிக்கும்போதே 'மேக் முகவரி' என்று 48 பிட் எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் அது மாறாது.

டி.என்.எஸ். என்பது இணையத்தின் பெயர்ப் பதிவேடு. உலகில் யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம்; தேடியவர் யார் என்று எண்ணுக்கு உரியவருக்குத் தெரியாது. அந்தப் பதிவேட்டில் மேக் முகவரியையும் எழுதி வைக்க, 2013-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7043 வழி செய்தது. பொது டி.என்.எஸ்.ஸில் வெளியிட வேண்டாம் என்று அதே ஆவணம் எச்சரிக்கவும் செய்கிறது. எச்சரிக்கை பூட்டு ஆகுமா?

"வெறும் எண்தானே, பெயரா இருக்கிறது?" என்பார்கள். வண்டி நம்பரிலும்தான் பெயர் இல்லை. அதே வண்டியை நாலு இடத்தில் பார்த்தால் ஓட்டுபவரின் அன்றாடம் தெரிந்துவிடாதா? வைஃபையில் இந்த எண் மறைப்பில்லாமல் காற்றில் போகிறது. பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடலாம். பதிவேட்டில் அதைப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டால், எண்ணைப் பிடித்தவருக்கு ஆளும் அகப்பட்டுவிடுவார்.

இதற்கு அஞ்சித்தான் ஆண்ட்ராய்டு 2019-இலும் ஐபோன் 2020-இலும் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மாற்று எண்ணைக் காட்டத் தொடங்கின. போன் மறைப்பதை நாம் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

நெட்வொர்க் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, நிர்வாக வசதி என்று இதைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கட்டும். மற்றவர்கள், போனின் வைஃபை செட்டிங்ஸில் அந்த மாற்று எண் வசதி அணைந்து கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். வசதி உங்களுடையது, அம்பலமாவது அடுத்தவர் நடமாட்டம்.