எங்கே போட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவிடமிருந்து போன். "டேய், பென்ஷனைக் காணோம்டா. மெயில் இல்ல, அந்த ஃபோல்டரே காணோம்."

அழிந்திருக்காது, எதற்குள்ளாவது போயிருக்கும் என்று தெரியும். அவர் திரையை என் கணினியில் வரவழைத்துப் பார்த்தேன். 'பழைய பாக்கி' என்ற ஃபோல்டருக்கு முன்னால் புதிதாக ஒரு குட்டி முக்கோணம் முளைத்திருந்தது. அதைத் தட்டினால் உள்ளே பென்ஷன் உட்கார்ந்திருக்கிறது. மவுஸை அழுத்தியபோது விரல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒரு வரி அளவுக்குத்தான். மென்பொருள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பென்ஷனைத் தூக்கிப் பாக்கிக்குள் போட்டுவிட்டது.

பெரியப்பா தாலுகா ஆபீஸில் ரெக்கார்டு ரூம் பார்த்தவர். "எத்தனை வருஷம் கட்டு கட்டியிருக்கேன். ஒரு கட்டு இன்னொரு கட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டதே இல்லடா" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மின்னஞ்சல் மென்பொருளின் இடப்பக்கத்தில் கிளை கிளையாக விரியும் அந்தப் பட்டியல் பார்க்கத்தான் ஒன்று. அதனிடம் நாம் வாங்கும் வேலை மூன்று. கடிதம் படிக்க ஒரு ஃபோல்டரைத் திறக்கிறோம். படித்ததை ஒதுக்க ஒரு ஃபோல்டரைக் காட்டுகிறோம். நாட்காட்டிக்குப் போனால் ஒன்றை மட்டும் திறப்பதில்லை. வீடு, ஆபீஸ், பண்டிகை என்று நாலைந்தை ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்க்கிறோம். இந்த மூன்றுக்கும் ஒரே மரத்தை நட்டுவைத்ததில்தான் வடிவமைப்பாளர்கள் பல வருடம் சிக்கிக்கொண்டார்கள்.

லினக்ஸ் கணினிகளுக்காக சிமியன் என்ற நிறுவனம் 2001 டிசம்பரில் எவல்யூஷன் 1.0 என்ற மின்னஞ்சல் மென்பொருளை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் சாயல் நன்றாகவே தெரியும். அஞ்சல், நாட்காட்டி, முகவரிகள், வேலைப்பட்டியல் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். இன்பாக்ஸிலிருந்து கை தவறி வேறு வரியைத் தொட்டால் கடிதமெல்லாம் மறைந்து திரை முழுக்கத் தேதிக் கட்டங்கள் வந்து நிற்கும். 2003-இல் நோவெல் என்ற நிறுவனம் சிமியனை வாங்கியது. அடுத்த வருடம் வந்த 2.0 பதிப்பில் மரத்தைத் தனித்தனியாக வெட்டிவிட்டார்கள். அஞ்சல் பொத்தானைத் தொட்டால் அஞ்சல் ஃபோல்டர்கள் மட்டும். நாட்காட்டி என்றால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டிக் அடிக்க ஒரு கட்டம். ஆப்பிளின் ஐகால் 2002-லேயே இந்த டிக் கட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் டிக் வந்ததும் வேறொரு சந்தேகம் கூடவே வந்தது. நாலு நாட்காட்டிக்கு டிக் அடித்திருக்கிறேன், ஐந்தாவது பெயர்மீது நீலப் பட்டை நிற்கிறது. இப்போது புதிதாக ஒன்றை எழுதினால் அது எதில் விழும்? டிக் என்பது கண்ணுக்கு, பட்டை என்பது கைக்கு. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நான் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் பல் டாக்டரைப் பார்க்கும் நேரத்தைக் குறித்துவைத்தேன். பட்டை நின்றது ஆபீஸ் பொது நாட்காட்டியில். மறுநாள் லிஃப்டில் ஏறியவர்களில் மூன்று பேர் "வேர் சிகிச்சையா சார்?" என்று விசாரித்தார்கள்.

மரத்திடம் வாங்கும் அந்த மூன்று வேலையிலும் பெரிய பாடு, ஒதுக்கிவைப்பதுதான். 'நகர்த்து' என்று சொன்னதும் ஒரு பெட்டி திறக்கும். அதில் மறுபடியும் முழு மரம், கிளையெல்லாம் மூடி, உச்சியிலிருந்து. இப்போதுதான் ஒரு கடிதத்தை அதே இடத்துக்கு அனுப்பினோம் என்ற ஞாபகமே அதற்கு இருக்காது. போதாததற்குச் சில சர்வர்களில் வெறும் பெயருக்கு நிற்கும் ஃபோல்டர்கள் உண்டு. கிளைகளைத் தாங்கும், கடிதத்தை வாங்காது. அதை மங்கலாகக் காட்டாவிட்டால், தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்த பிறகுதான் 'முடியாது' என்ற பதில் வரும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஐபிஎம் ஆராய்ச்சியாளர்களான சீகலும் கெஃபார்ட்டும் 1999-இல் மெயில்கேட் என்று ஒன்றைச் செய்தார்கள். நீங்கள் இதுவரை எதை எங்கே போட்டீர்கள் என்று கவனித்து, திறந்திருக்கும் கடிதத்துக்கு மேலேயே மூன்று ஃபோல்டர் பெயர்களைப் பொத்தானாக வைக்கும். சரியென்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் பழைய மரம் இருக்கவே இருக்கிறது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் 'மறுபடியும் அங்கேயே நகர்த்து' என்று ஒரு கட்டளை இருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் ஒதுக்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேடிக்கை. மின்னஞ்சல் மென்பொருளும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஐமேப் முறைக்கு 2003-இல் வந்த விதிகளின்படி, தமிழ்ப் பெயர் சர்வருக்குப் போகும்போது ஆம்பர்சாண்டில் தொடங்கி ஹைஃபனில் முடியும் சங்கேதமாக மாறிவிடும். 'அ' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தாலும் அங்கே ஐந்து குறிகள். அதைத் திருப்பிப் படிக்கத் தெரியாத மென்பொருளில் உங்கள் ஃபோல்டர் பூச்சிமருந்துப் பெயர் மாதிரி நிற்கும். வரிசை இன்னொரு தலைவலி. யூனிகோட் அட்டவணையில் ளகரம் முந்தி, ழகரம் பிந்தி. அந்த அட்டவணை எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் 'பள்ளி நண்பர்கள்' முதலில், 'பழைய பாக்கி' அதற்கடுத்து, பிறகு பென்ஷன். தமிழ் அகராதி முறைப்படி ழகரத்தை முன்னால் வைத்து அடுக்கியிருந்தால் பெரியப்பாவின் பென்ஷன் பள்ளி நண்பர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இத்தனை ஃபோல்டர் எதுக்கு பெரியப்பா? தேடினா வந்துடுமே" என்றேன். நான் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. விட்டேக்கர் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2011-இல் 345 பேரின் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். கடிதங்களைக் கஷ்டப்பட்டுப் பிரித்துவைத்தவர்களுக்கு அதனால் கண்டுபிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை. தேடினால் சராசரி 17 நொடி, ஃபோல்டர் வழியே போனால் 58.

பெரியப்பா அசரவில்லை. "என்ன வார்த்தை போட்டுத் தேடணும்னு ஞாபகம் இருந்தா நான் ஏன்டா ஃபோல்டர் போடுறேன்?" பிறகு ரெக்கார்டு ரூம் கணக்கைச் சொன்னார். கோப்பின்மேல் ஆர்.டிஸ் என்று குறித்திருந்தால் காலத்துக்கும் வைக்கவேண்டியது, டி.டிஸ் பத்து வருடம், கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒன்று. "எப்போ கழிக்கணும்னு தெரிஞ்சாத்தான் எங்க வைக்கணும்னு தெரியும்." எனக்குத் தெரிந்த எந்த 'நகர்த்து' பெட்டியும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டதில்லை.

பென்ஷனை இழுத்து வெளியே போட்டுக்கொடுத்தேன். இனிமேல் காணாமல் போகக்கூடாது என்று பெரியப்பா அதன் பெயரை '0 பென்ஷன்' என்று மாற்றிவிட்டார். அவருடைய ஃபோல்டர்களில் அதுதான் இப்போது முதல். மென்பொருளின் சொந்த ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால், பென்ஷனுக்கு நேர்மேல் வரியில் குப்பைத்தொட்டி. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.