சேற்றுச் சக்கரமும் சாலைச் சக்கரமும்

உழவு மாடு பிடிக்கும் விவசாயி அதன் சுழியையும் பல்லையும் குளம்பையும் பார்த்தே விலை பேசுவது வழக்கம். டிராக்டரை வாங்கும்போதும் வாடகைக்கு அமர்த்தும்போதும், குதிரைசக்தி எவ்வளவு, மணிக்குக் கூலி எவ்வளவு என்று கேட்பவர் பலர். சக்கரம் எத்தகையது என்று கேட்பவர் மிகச் சிலரே. யந்திரத்தின் சக்தி முழுவதும் மண்ணில் சேருவது சக்கரத்தின் மூலமேயாகும். சக்கரம் நிலத்திற்குப் பொருந்தாவிடில் டீசல் விரயமாவதோடு, வயலும் சாலையும் கெடும்; ஓட்டுபவரின் உயிருக்கும் அபாயம் நேரும்.

இவ்விஷயம் புதுச்சேரி விவசாயிகளுக்கு மற்றவர்களைக் காட்டிலும் முக்கியமானது. பிரெஞ்சு ஆட்சியில் ஏற்பட்ட எல்லைகள், 1954 நவம்பர் 1இல் ஆட்சி மாறிய பின்னரும் பெரும்பாலும் அவ்வாறே இருந்து வருகின்றன. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் ஊர்கள் திட்டுத்திட்டாகக் கிடக்க, இடையிடையே தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களின் ஊர்கள் புகுந்திருக்கின்றன. ஒரு வயலில் உழுத டிராக்டர் அடுத்த வயலுக்குப் போகத் தார்ச்சாலையில் ஏறாமல் தீராது. மண்ணும் ஒரே விதமன்று. காலாப்பட்டு, கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடு, கரையோரம் மணல், பாகூர் ஏரிப் பாசனத்தில் கனத்த களி. இவையனைத்திற்கும் ஒரே சக்கரம் போதும் என்று எண்ணுவது தவறு.

ஆதியில் டிராக்டர்கள் யாவும் இரும்புச் சக்கரத்துடனேயே ஓடின. அமெரிக்காவில் 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைத் தங்கள் டிராக்டரில் பூட்டிக் காட்டிய பிறகே அது எங்கும் பரவிற்று. புழுதி உழவிற்கும் வண்டி இழுப்பதற்கும் இன்றும் அதுவே சிலாக்கியமானது. ஆயினும் அதன் காற்றளவை வேலைக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். வயலில் பின்சக்கரத்திற்குச் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 16 பவுண்டு வரை போதும் என்பது பொது அளவு. பாரத்துடன் சாலையில் ஓடும்போது கூடுதலாக வேண்டும். சரியான அளவை யந்திரம் செய்தவர் கொடுத்த அட்டவணையில் காணலாம். காற்று மிகுந்தால் சக்கரம் மண்ணை அகலமாகப் பற்றாமல் வழுக்கும். குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து வெடிக்கும்.

வழுக்கலைச் சோதிப்பது எளிது. பின்சக்கரத்தில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளமிட்டு, கலப்பையைத் தூக்கி 10 சுற்று ஓட்டித் தூரத்தை அளக்க வேண்டும். பின்பு கலப்பையை இறக்கி, அதே 10 சுற்று ஓட்டி அளக்க வேண்டும். முதலில் 100 அடி சென்றது இப்போது 85 அடிக்குக் குறையுமானால், எடையையோ, காற்றையோ, சக்கரத்தின் தேய்மானத்தையோ உடனே கவனிப்பது அவசியம். இச்சோதனை புழுதி உழவிற்கே உரியது; சேற்றில் வழுக்கல் இயல்பாகவே மிகும்.

சேற்றுழவில் ரப்பர் பிடிப்பதில்லையாதலால், கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் வேண்டியிருக்கிறது. இதில் இருவகை உண்டு. முழுக்கூண்டு, ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் பூட்டுவது. அரைக்கூண்டு, ரப்பர்ச் சக்கரத்தை ஒட்டி அதன் வெளிப்புறத்தில் பூட்டுவது. சேறு நன்றாகக் கலங்குவதைக் கண்டு முழுக்கூண்டையே பலர் விரும்புகின்றனர். ஆனால் நெல்வயலின் மேற்சேற்றிற்குக் கீழே, தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்து உண்டான கெட்டித்தட்டு ஒன்று உண்டு. தண்ணீரைத் தாங்குவது அதுவே. ஏறக்குறைய 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் இரும்புப் பற்கள் போகந்தோறும் அத்தட்டைக் குத்தினால் வயல் உளையாகி, அடுத்த முறை யந்திரம் இன்னும் ஆழமாய்ப் புதையும். பாய்ச்சிய தண்ணீரும் கீழே இறங்கிப்போகும்.

ஆகையால் அடித்தட்டு உறுதியாயுள்ள வயல்களுக்கு அரைக்கூண்டே போதுமானது. சேறு ஆழமான வயலுக்கும் சிறு பாத்திகளுக்கும், 400 முதல் 500 கிலோ எடையுள்ள பவர் டில்லரைக் கூண்டுச் சக்கரத்துடன் இறக்குவது நலம். முழுக்கூண்டு பூட்டிய பெரிய டிராக்டர் கடைசி வழியாக இருக்க வேண்டுமேயன்றி முதல் வழியாக இருத்தல் ஆகாது.

உயிருக்கு நேரும் அபாயத்தையும் சொல்ல வேண்டும். சேற்றில் புதைந்த சக்கரம் சுழல முடியாமல் நிற்கும்போது, யந்திரத்தின் சக்தி முன்பாகத்தைத் தூக்கும். நொடிப்பொழுதில் டிராக்டர் பின்புறமாகக் கவிழும். புதைந்த சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னுக்கு ஓட்டுவது மிகக் கொடிய வழக்கம். அதை அறவே விடவேண்டும். பின்னோக்கி எடுத்துப் பார்ப்பதும், இயலாவிடில் வேறொரு யந்திரத்தால் இழுப்பிப்பதுமே முறை. செங்குத்தான வரப்பில் நேராக ஏறுவதும் கூடாது.

இனி சாலையைப் பற்றி. கூண்டுச் சக்கரத்துடன் தார்ச்சாலையில் ஓட்டுவது விதிக்கு மாறானது என்பதை அறியாத ஓட்டுநர் இல்லை. அறிந்தும் ஓட்டுவதன் காரணம் கூலி முறையில் இருக்கிறது. உழுத நேரத்திற்குக் கூலி உண்டு. சக்கரம் மாற்றும் நேரத்திற்கு இல்லை. சர்க்கார் சாலையைச் சர்க்காரே செப்பனிடட்டும் என்று கூறுவோரும் உளர். பற்கள் கொத்திய இடத்தில் மழைநீர் இறங்கிக் குழியாகும். அக்குழியில் அச்சு முறிவது அவ்வூர் நெல்லை ஏற்றிச் செல்லும் வண்டியே. விழுவது அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையே.

அபராதம் மட்டும் இதற்குப் பரிகாரமாகாது. சக்கரம் மாற்றும் நேரத்திற்கும் கூலி தருவதாக நிலக்காரர்கள் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் உழவு வைத்துக்கொண்டால், ஒருமுறை மாற்றிய சக்கரம் பல ஏக்கருக்கு உதவும், செலவும் பங்காகும். கூண்டுச் சக்கரத்தை டிரெய்லரில் ஏற்றி வயலோரத்திற்குக் கொண்டுபோய்ப் பூட்டலாம். கொம்யூன் பஞ்சாயத்தாரும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஒவ்வொரு பாசனப் பகுதியிலும் சாலையோரம் சக்கரம் மாற்ற ஓர் இடம் ஒதுக்கி, வாய்க்காலின் மேல் குழாய்ப் பாலமும் வயலுக்கு இறங்கச் சரிவான மண்பாதையும் அமைத்தால், வரப்பேறிக் கவிழும் விபத்தும் குறையும்.

சம்பாவிற்குச் சேறடிக்கத் தொடங்கும் முன்னரே இவற்றை ஊர் கூடி முடிவு செய்வது உசிதம். மழை இறங்கி, நாற்று முற்றி, யந்திரத்திற்குப் போட்டி ஏற்பட்ட பிறகு, கிடைத்த சக்கரமே சக்கரம் என்றாகிவிடும்.