வெந்நீர் ஊற்றும் ஆற்று மணலும்

மார்கழி விடியலில் தஞ்சைச் சீமையின் வயல்வெளிகளில் நடந்து பழகியவர்கள் ஒன்றை அறிவர். வாய்க்கால் நீர் விரல்களை விறைக்கச் செய்யும் அவ்வேளையில், பம்புசெட்டுத் தொட்டியில் விழும் நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டிக்குள் இறங்கிய சிறுவர்களை வெளியேற்றுவது பெரும்பாடு. மோட்டாரின் சூட்டினால்தான் தண்ணீர் சுடுகிறது என்று நாங்கள் சிறுவயதில் நம்பியிருந்தோம். உண்மை அதுவன்று. நிலத்தடி நீருக்கு மார்கழியும் இல்லை, சித்திரையும் இல்லை. பூமிக்குள் இறங்க இறங்கக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்குச் சென்று சூடேறி, வேறொரு பிளவைப் பற்றி விரைந்து மேலேறி வருமாயின் அதனை வெந்நீர் ஊற்று என்கிறோம். வண்டல் பல ஆயிரம் அடி படிந்த நம் காவிரிப் படுகையில் அத்தகைய பிளவுகள் மேல்வரை திறப்பதில்லை. நமக்கு வாய்த்தது பம்புசெட்டு மட்டுமே.

வெந்நீர் ஊற்று என்ற சொல்லை நான் முதலில் கேட்டது என் பாட்டனாரிடம். இலங்கையில் திருக்கோணமலையில் கடை வைத்திருந்தவர் அவர். அந்நகரை அடுத்த கன்னியாவில் சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள் அருகருகே இருப்பதையும், ஒவ்வொன்றின் சூடும் வேறுவேறாக இருப்பதையும் அவர் வியந்து சொல்வார். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது அவ்வூர்ச் சைவர்களின் கதை. கதை யாருடையதாயினும், வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும்போது எல்லாருக்கும் ஒரே கூச்சல்தான் என்பார் பாட்டனார்.

ஆற்றங்கரை ஊற்றை நான் கண்ணால் கண்டது 2009-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். கருத்தரங்கு ஒன்றிற்காகச் சிம்லா சென்றிருந்தேன். அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சட்லெஜ் ஆற்றின் கரையில் உள்ளது தத்தாபானி. ‘தத்தா’ என்றால் சூடு, ‘பானி’ என்றால் நீர். நம் ‘வெந்நீர்’ என்பதே அவ்வூரின் பெயர். கந்தக மணம் நாசியில் ஏறியது. இந்தப் பக்கம் பனிமலையிலிருந்து இறங்கிவரும் ஆறு. அந்த ஆற்றின் விளிம்பு மணலிலேயே கொதிப்பு. வந்தவர்கள் கையாலும் தகரத்தாலும் மணலைத் தோண்டி ஆளுக்கொரு குழி செய்துகொண்டிருந்தனர். சூடு தாங்கவில்லையெனில் ஆற்றுப் பக்கமாக ஒரு சிறு கால் வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவர். போதுமென்றால் மணலைத் தள்ளி அடைப்பர். ஒரு சிறுவன் அதைக் காலாலேயே செய்தான். நம் ஊரில் மடை திறந்து அடைக்கும் உழவரின் அதே கால்வாகு! ஆறு பெருகினால் குழிகள் மறையும். வடிந்தால் வேறு இடத்தில் வேறு குழிகள். கட்டணமில்லை, காவலில்லை, ‘இது என் குழி’ என்பாரும் இல்லை.

அந்த மணல் இன்றில்லை. 800 மெகாவாட் திறனுடைய கோல் அணையில் 2015-இல் மின்னுற்பத்தி தொடங்கியது. அதன் தேக்கத்தில் ஆற்றோர ஊற்றுகள் மூழ்கின. துளையிட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்து குளியலிடங்கள் அமைத்துள்ளனர். 2020 பொங்கலை ஒட்டி அங்கு 1,995 கிலோ கிச்சடியை ஒரே பாத்திரத்தில் சமைத்துக் கின்னஸ் சாதனையும் படைத்தனர். கிச்சடியை எடைபோட்டவர்கள் ஊற்றை எடைபோடவில்லை என்பது என் குறை.

அணையே கூடாது என்று சொல்லும் உரிமை தஞ்சை மாவட்டத்துக்காரனுக்கு இல்லை. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் சோற்றைத்தான் நாம் உண்கிறோம். அதற்காக மூழ்கிய ஊர்களின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர் வற்றும்போது இன்றும் தலைகாட்டுகின்றன. என் கேள்வி வேறு. வயலுக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குக் கதவிலக்கம் உண்டு. மூழ்கினால் இழப்பீட்டுக் கணக்கில் ஏறும். ஆற்று மணலில் தோண்டிய குழிக்கு எந்த இலக்கம்? வெந்நீர் குழாயில் மீண்டும் வந்துவிட்டது. போனது அந்த மணற்கரையில் எவரும் சென்று குழி தோண்டிக்கொள்ளும் உரிமை. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லாமையால், போனதாகவும் எழுதப்படவில்லை.

இதைச் சட்லெஜ் கரையில் தேட வேண்டியதில்லை. கோடையில் ஆறு வறண்டதும் வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் நம் தாய்மார்கள் மணலைத் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியதைக் கண்டவர்கள் இவ்வவையில் பலர் இருப்பர். அதற்கும் நாம் இட்ட பெயர் ‘ஊற்று’ என்பதே. அங்கே சாதி கேட்டவர் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சீட்டுக் கேட்டவர் இல்லை. மணல் லாரிகள் ஏறிச்சென்ற இடங்களில் தோண்டினால் இன்று களிமண்தான் தட்டுகிறது. அதையும் எவரும் கணக்கில் எழுதவில்லை.

மூழ்காத ஊற்றுகள் சில எஞ்சியுள்ளன. கர்நாடகத்தின் புத்தூர் வட்டத்தில், இர்தெ என்னும் ஊரருகே ஆற்றோரமாக உள்ள பெந்த்ரு தீர்த்தம் அவற்றுள் ஒன்று. நம் வகரம் துளுவிலும் கன்னடத்திலும் பகரமாகும். ‘வேர்’ அங்கே ‘பேரு’. அந்த வழியில் ‘பெந்த்ரு’ நம் ‘வெந்நீ’ருக்கு உறவு என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்வோர் சவர்க்காரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்க. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது கடினமன்று. ‘இங்கே ஒரு நல்ல ஓட்டல் இல்லையே’ என்று அங்கு எவரிடமும் குறைப்படவும் வேண்டா. அக்குறையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர்.

நம் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில், உங்கள் ஊர் ஆற்றில் எந்தத் துறையில், எந்த வளைவில் ஊற்றுத் தோண்டினார்கள் என்பதைப் பாட்டிமார்களிடம் கேட்டு, கடைசியாக நீர் எடுத்த ஆண்டையும் சேர்த்து எழுதி வாருங்கள். அடுத்த மலரில் அதற்குப் பத்துப் பக்கமாவது ஒதுக்கித் தருமாறு மலர்க் குழுவை நான் கேட்டுக்கொள்கிறேன்.