புரியாணிச் சட்டி இல்லாத பயணம்

சகோதரிகளே, விடுமுறைப் பயணம் என்றால் நமக்கு சுபஹுக்கு முன்பே அடுப்படிதான். போன இடத்திலும் பரிமாறுவதும் கழுவுவதுமாக நேரம் போய்விடும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இம்முறை நான் சமைக்கவில்லை. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. இருந்தாலும் கோட்டையில் ரயிலேறி, அளுத்கமையில் இறங்கி, பென்தோட்டைக்கு அப்பால் தெத்துவ வாவியோரம் உள்ள லுணுகங்க தோட்டத்துக்குப் போனோம்.

ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டம், பிறகு றப்பர். 1940களின் இறுதியில் இதை வாங்கிய கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 2003இல் மரணிக்கும்வரை இது அவரது இல்லம். அவரது தந்தை வழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பூக்களைத் தேடாதீர்கள், எல்லாம் பச்சைதான். கறுவா மேட்டில் மரத்தடியில் பெரிய சீன ஜாடி ஒன்று. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஜாடி, வாவி, தூரத்து விகாரையின் தாதுகோபம் மூன்றும் ஒரே நேரில் தெரியும். இடையே ஓடும் ஊர்ப் பாதை கண்ணில் படாது, பள்ளத்தில் மறைத்திருக்கிறார். மாமி அங்கே உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை.

முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். படிகளும் சரிவுகளும் உண்டு.

திரும்பும் வழியில் தர்காநகரில் சாப்பாடு. உப்புக் குறைவு என்றார் இவர். மாமியோ அந்த ஜாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.