ஜிப்சீஸ் பாடல்களும் ஒரு தமிழ் இரசிகனின் வாக்குமூலமும்

இலங்கையின் புகழ்பெற்ற 'ஜிப்சீஸ்' இசைக்குழுவின் பாடகர் சுனில் பெரேரா 2021 செப்டெம்பர் 6 ஆம் திகதி காலமானார். கொரோனாத் தொற்றிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர், மறுபடியும் நோயுற்று வைத்தியசாலையில் உயிர்நீத்தார். அவருடைய 69 ஆவது பிறந்தநாளுக்கு அப்போது எட்டு நாட்களே இருந்தன. நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த காலம் அது. ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி ஆடவைத்த ஒரு கலைஞனை வழியனுப்ப, அந்த இரசிகர்களால் ஒன்றுகூட முடியவில்லை. அவரவர் வீட்டிலிருந்து பழைய பாடல்களை ஒலிக்கவிட்டார்கள். நானும் அதையே செய்தேன்.

அன்றிரவு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நாலு வரி எழுதி அனுப்பினேன். எங்கள் இளமையின் ஒரு பகுதி போய்விட்டது என்பதுதான் அதன் சாரம். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் உடனே பதில் எழுதினான். "மாமா, நீங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுடைய பாட்டு அல்லவா இது? இதில் உங்களுடைய இளமை எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தான்.

நான் பதில் எழுதவில்லை. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பதில் எழுதுவது பெரிய காரியமல்ல. ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அண்மையில் அவன் மனைவியோடு இலங்கைக்கு வந்திருந்தான். கண்டிக்குப் போகும் வழியில் வான் சாரதி ஜிப்சீஸ் பாடல்களைப் போட்டார். என்னையறியாமல் ஒவ்வொரு வரியையும் நான் முணுமுணுத்துக்கொண்டு வந்ததை மருமகன் பின்னாசனத்திலிருந்து கவனித்திருக்கிறான். இறங்கும்போது, "அப்போது கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றான். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அவனைப் போலக் கேட்கக்கூடிய மற்றவர்களுக்கும்தான்.

முதலில், புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த வாசகர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ஜிப்சீஸ் குழு 1970களின் தொடக்கத்தில் உருவானது. அதைத் தொடங்கியவர் சுனிலின் தந்தை அன்ரன் பெரேரா. தச்சர்களுக்கும் பைலாவுக்கும் பெயர்போன மொறட்டுவைதான் அவர்களுடைய ஊர். பிள்ளைகளைக் கொண்டே தந்தை குழுவை அமைத்தார். மின்கிற்றாரும் ட்ரம்ஸும் மேலைநாட்டுப் பொப்பிசையும் கொழும்பு இளைஞர்களை ஆட்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கருவிகளின்மீது உள்ளூர்ப் பைலாத் தாளத்தை ஏற்றி, சிங்களத்தில் நகைச்சுவையும் குத்தலும் கலந்து பாடியதுதான் ஜிப்சீஸின் வெற்றி. 'லிந்த லங்க சங்கமய' என்ற ஆரம்பகாலப் பாடல் அவர்களை நாடறியச் செய்தது. பின்னர் 'லுணு தெஹி', 'அங்கிள் ஜோன்சன்' என்று நீண்ட வரிசை. கல்யாண வீடு, கிரிக்கெட் மைதானம், பாடசாலைச் சுற்றுலா பஸ் என எங்கும் அவர்கள் இருந்தார்கள்.

இது சிங்களவருடைய இசை, இதில் எமக்கென்ன என்று கேட்பவர்கள் பைலாவின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். 'பைலா' என்ற சொல்லே ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் 1505 இல் வந்து 1658 இல் முற்றாக வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற தாளம் போகவில்லை. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் மட்டக்களப்புப் பறங்கியர் முக்கியமானவர்கள். 1940களில் பைலாவை மேடைக்கும் வானொலிக்கும் ஏற்றதொரு வடிவமாக்கியவர் என்று போற்றப்படும் வொலி பஸ்தியன்ஸும் பறங்கியர்தான். பொலிஸ்காரராக வேலை பார்த்தவர்.

நான் மட்டக்களப்பான். எங்கள் தெருவின் மறுகோடியில் பறங்கியர் குடும்பங்கள் இருந்தன. தச்சுவேலை, கொல்லுவேலை, வாகனத் திருத்தம் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்கள். எங்களோடு தமிழில் பேசுவார்கள். வீட்டுக்குள் முதியவர்கள் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுவார்கள். அவர்களுடைய கல்யாணங்களில் வயலினும் மன்டலினும் ரபானும் சேர்ந்து 'கபிரிஞ்ஞா' ஒலிக்கும். சோடி சோடியாக ஆடுவார்கள். வேலிக்கு வெளியே நின்று அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே வானொலியில் ஜிப்சீஸின் பாடலை முதன்முதலாகக் கேட்டபோது மொழி விளங்கவில்லை. ஆனால் தாளம் எங்கள் தெருவின் தாளமாக இருந்தது. உலகத் தமிழர் அனைவரும் தமதென்று கொண்டாடும் 'சுராங்கனி'யும் அதே தாளத்தில் அமைந்ததுதான். ஏ.ஈ. மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று போற்றும் நாங்கள், அவருக்குக் கால் கொடுத்த தாளத்தை அந்நியம் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் வீட்டுக்கு ஜிப்சீஸைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. கொழும்பில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அனெக்ஸ். ஒரு றெக்கோட் பிளேயர். நாற்பது, ஐம்பது இசைத்தட்டுகள். பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் போனால், தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை மெதுவாக வைத்து, சிங்கள வரிகளுக்குத் தமிழில் பொருள் சொல்லுவார். எனக்குச் சிங்களம் தெரிந்தது பாடசாலையால் அல்ல, சித்தப்பாவாலும் ஜிப்சீஸாலும்தான். பிற்காலத்தில் பத்திரிகைத் தொழிலில் அந்தச் சிங்களம் எனக்குச் சோறு போட்டது.

1983 ஜூலையில் அந்த அனெக்ஸ் எரிக்கப்பட்டது. அயலிலிருந்த ஒரு சிங்களக் குடும்பம் சித்தப்பாவை இரண்டு நாள் தங்கள் வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தது. பிறகு அகதி முகாம். உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தார். இழந்தவற்றைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். சான்றிதழ்களைச் சொன்னார், அம்மம்மாவின் படத்தைச் சொன்னார். இசைத்தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உயிர் தப்பிய மனிதன் பாட்டுத் தட்டுக்காகக் கவலைப்படுவதா என்று வெட்கப்பட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அடுத்த வருடம் பறங்கியர் கல்யாணமொன்றில் வயலின் தொடங்கியதும் அவருடைய விரல்கள் கதிரைக் கைப்பிடியில் தாளம் போட்டதை நான் கண்டேன். நான் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

மருமகனே, உன் கேள்விக்கான பதிலின் முதற் பகுதி அந்த விரல்கள். ஒரு மனிதனுடைய வீட்டை எரிக்கலாம். அவன் எதை விரும்பினான் என்பதை எரித்தவர்கள் தீர்மானிக்க முடியாது. அந்தப் பாடல்களை நாங்கள் வெறுத்தே ஆகவேண்டும் என்றால், எங்களிடமிருந்து இன்னுமொரு பொருளையும் அவர்கள் எடுத்துக்கொண்டதாகவே ஆகும்.

ஆனால் பதில் அத்தோடு முடிந்துவிடவில்லை. இரண்டாவது பகுதி எனக்கு வசதியானதல்ல.

ஜே.வி.பி. கிளர்ச்சியின் காரணமாக 1987 முதல் 1990 வரை பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. அவை திறந்தபின்னரே எங்கள் அணி பேராதனைக்குள் காலடி வைத்தது. 1990 ஜூனில் கிழக்கில் போர் மீண்டும் மூண்டிருந்தது. ஊரிலிருந்து வரும் கடிதங்கள் காணாமற் போனவர்களின் பெயர்ப் பட்டியல்களாகவே இருந்தன. சிங்கள மாணவர்களில் பலரும் கிளர்ச்சிக் காலத்தில் அண்ணனையோ நண்பனையோ இழந்தவர்கள். இப்படிப்பட்ட நாங்கள் எல்லோரும் விடுதியில் மேசையைத் தட்டி ஜிப்சீஸ் பாடினோம். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அதன் சுகம். குறையும் அதுதான்.

ஒருமுறை சுற்றுலா சென்றோம். பஸ் முழுவதும் பாட்டு. சோதனைச் சாவடியொன்றில் பஸ்ஸை மறித்தார்கள். தமிழ் மாணவர்களை மட்டும் அடையாள அட்டையோடு இறங்கச் சொன்னார்கள். ஏழு பேர் இறங்கினோம். கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் விசாரித்தார்கள். மட்டக்களப்பு என்றதும் என்னை மட்டும் இரண்டாவது தடவையும் விசாரித்தார்கள். திரும்பி ஏறியபோது பஸ்ஸில் சத்தமில்லை. சிறிது தூரம் போனபின், பின்னாலிருந்த நண்பனொருவன் விட்ட இடத்திலிருந்து பாட்டை மெதுவாகத் தொடங்கினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் வாய் திறக்கவில்லை. அன்று அவன்மீது எனக்கு வந்த கோபம் பல வருடங்கள் இருந்தது. நடந்ததை ஒரு பாட்டால் மூடிவிடப் பார்த்தான் என்றுதான் எண்ணினேன். வேறென்ன சொல்வதென்று தெரியாமல்தான் பாடினான் என்பது எனக்கு விளங்க இருபது வருடங்கள் சென்றன. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இனிய நினைவுகளின் சிக்கல் இதுதான். ஜிப்சீஸ் இரசிகர்கள் கூடும் இடங்களில் அந்தப் பாட்டு, இந்த மேடை, அன்றைய கூத்து என்று பேச்சு ஓடும். எல்லோரும் ஒன்றாக இருந்த காலம் என்று பெருமூச்சு விடுவார்கள். 1983 பற்றியோ 1990 பற்றியோ நானறிந்த ஜிப்சீஸ் பாடல் எதுவுமில்லை. அந்த ஆண்டுகளில் அவர்கள் எங்களைச் சிரிக்க வைத்தார்கள்; எங்களுக்காக அழவில்லை. இதைச் சொல்லாமல் நான் அஞ்சலி எழுதியது தவறு. மருமகன் சுட்டிக்காட்டியது அந்தத் தவறைத்தான்.

அதேவேளை, சுனில் பெரேராவுக்குரிய நியாயத்தையும் வழங்கவேண்டும். பிற்காலத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நாட்டின் சீர்கேடுகளைக் கேலிசெய்த 'ஐ டோன்ட் நோ வை' பாடலைப் பாடியவர் அவர். தொலைக்காட்சி நேர்காணல்களில் அரசியல்வாதிகளையும் இன, மதவெறியையும் ஒளிவுமறைவின்றிச் சாடினார். பெரும்பான்மைச் சமூகத்தில் பிறந்த, கச்சேரிகளால் பிழைக்கும் ஒரு பிரபல பாடகன் அப்படிப் பேசுவது இலாபமான காரியமல்ல. அவரை வசைபாடியவர்களும் இருந்தார்கள். அவரைத் தீர்க்கதரிசியாக்க நான் முனையவில்லை. காலம் தாழ்த்தியேனும் பேசியவர். பேசாமலே போன பலரை நாம் அறிவோம்.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். இளமையில் நேசித்த இசையை நேசித்துக்கொண்டே இருக்கலாம். அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் நினைவுகூர்வதென்றால் முழுமையாக நினைவுகூரவேண்டும். சிங்கள நண்பர்கள் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும்போது, பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஏழு பேரையும் அந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழ் இளைஞர்கள் அந்தப் பாடல்களை ஒதுக்கும்போது, அவற்றுக்குப் பொருள் சொல்லித்தந்த ஒரு தமிழ் எழுதுவினைஞரையும், இரண்டு நாள் அவரை மறைத்து வைத்த அயலவரையும் எண்ணிப் பார்க்கட்டும். பாதியை மட்டும் சொல்லும் நினைவு, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், மற்றப் பாதியில் வாழ்ந்தவர்களை இன்னொருமுறை வெளியேற்றிவிடுகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மட்டக்களப்பில் கபிரிஞ்ஞா வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். 2004 ஆழிப்பேரலை டச்பார் பகுதியிலிருந்த பறங்கியர் குடியிருப்பை அழித்தபோது உயிர்களோடு வாத்தியங்களும் போயின. பல்கலைக்கழக இசைத்துறைகளும் புலம்பெயர் அமைப்புகளும் விழா எடுப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, எஞ்சியிருப்பவர்களின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்வதில் காட்டினால் நல்லது. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. இன்று கைத்தொலைபேசியே போதும்.

சித்தப்பா பின்னர் கனடா சென்று அங்கேயே காலமானார். வானில் வந்த அன்று மருமகனிடம் சித்தப்பாவின் இசைத்தட்டுகளைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது புதிய செய்தி. ரொறன்ரோவில் தன்னைத் தூக்கி வளர்த்த அந்தத் தாத்தா, தனியாக இருக்கும்போது மேசையில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பார் என்றான். என்ன பாட்டு என்று தான் ஒருநாளும் கேட்கவில்லை என்றும் சொன்னான்.

நான் அதைத் தட்டிக் காட்டினேன்.