யாருடைய ஏடு? – கணக்கியலின் முதல் பாடம்



ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் 'பணம்' என்னும் தலைப்பு இன்று கூட்டல், கழித்தலோடு நிற்பதில்லை. 2022-இல் சீராய்வு பெற்ற கலைத்திட்டம் ஆறாம் ஆண்டை எட்டியதிலிருந்து இலாபம், நட்டம், தள்ளுபடி என்பவற்றோடு சொத்து, கடன்பொறுப்பு, வட்டி, காப்பீடு ஆகியவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மேசைக்கு வந்துவிட்டன. மகிழத்தக்க மாற்றம்தான். ஆனால் நம்மில் பலர் இவற்றைச் சொல்லும் பொருளும் போல எழுதிப் போட்டு மனனம் செய்யச் சொல்கிறோம். இது எனக்கு உடன்பாடில்லை. கணக்கியற் சொல் எதுவாயினும், அது யாருடைய ஏட்டில் எழுதப்படுகிறது என்று கேட்காமல் அதற்குப் பொருள் கூற இயலாது.

'கடன்' என்ற சொல்லையே பாருங்கள். கடன் கொடுத்தேன் என்கிறோம். கடன் வாங்கினேன் என்றும் சொல்கிறோம். ஒரே சொல், நிலைமையோ நேரெதிர். மளிகைக்கடையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் பொருள் வாங்கிய குடும்பங்களுக்கு இது நன்கு தெரியும். அரிசி, சீனி, 42 ரிங்கிட் என்று எழுதியிருந்தால் அந்த 42 ரிங்கிட் வாங்கியவருக்குக் கடன்பொறுப்பு. கடைக்காரருக்கோ அது சொத்து. நம் வழக்கில் சொத்து என்றால் வீடும் நிலமும் நகையும்தான். வரவேண்டிய பணமும் சொத்தே என்பதைப் பிள்ளைகள் ஏற்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுப்போம்.

அடுத்தது பற்று, வரவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. ரொக்கம் கொடுத்து அடுப்பு வாங்கினால் ரொக்கக் கணக்கில் 'வரவு' என எழுத வேண்டும். பணம் போயிருக்கிறது, வரவு என்கிறீர்களே என்று மாணவன் கேட்டால் அவன் கேட்பது நியாயமே! இங்கே 'விதி அப்படி' என்று வாயடைப்பதைவிடச் சொல் பிறந்த இடத்தைக் காட்டலாம். வணிகர் தம் பேரேட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவார். அவர் பெற்றுக்கொண்டது பற்று. அவரிடமிருந்து வந்தது வரவு. இப்போது பணப்பெட்டியையும் ஓர் ஆளாகப் பாவியுங்கள். பெட்டி பெற்றுக்கொண்டது அதன் பற்று. பெட்டியிடமிருந்து வந்தது அதன் வரவு. அடுப்பு வாங்கியபோது பெட்டி பணத்தைத் தந்தது, ஆகவே வரவு. முடிச்சு அவிழ்ந்தது.

வங்கியில் சம்பளம் சேரும்போது 'கிரெடிட்' என்று கைப்பேசிக்குச் செய்தி வருவதும் இதனால்தான். அது வங்கியின் ஏடு. அங்கே நம் சேமிப்பு, வங்கி நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்பொறுப்பு. இப்படி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியரான லூக்கா பச்சியோலி 1494-இல் வெனிசில் அச்சான தம் கணித நூலில் விளக்கினார். வெனிசு வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டதுதான். அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது பிழை.

சரி, வீட்டுக்கு வருவோம். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம் (கற்பனைதான், ஆனால் எல்லாத் தாமானிலும் ஒருவர் இருப்பார்). சொந்தப் பணம் 300 ரிங்கிட், தங்கையிடம் வாங்கியது 200. இதில் 200-க்கு அடுப்பு; 300-க்கு மாவு, எண்ணெய், எரிவாயு, எல்லாம் தீர்ந்துவிட்டன. விற்பனை 480. அதில் 100 ரிங்கிட் இன்னும் வரவில்லை. கையில் இருப்பது 380.

"ஐந்நூறு போட்டோம், முந்நூற்று எண்பதுதான் வந்தது, 120 நட்டம்" என்பார் கணவர். தாயாரோ 380-உம் ஆதாயம் என்று பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் புறப்படுவார். இருவர் கணக்கும் தவறு. விற்பனை 480-இல் தீர்ந்துபோன பொருள் 300-ஐக் கழித்தால் இலாபம் 180. அடுப்பு தீரவில்லை, அது சொத்து. ரொக்கம் 380, வரவேண்டியது 100, அடுப்பு 200, ஆக மொத்தச் சொத்து 680. தங்கையின் 200-ஐக் கழித்தால் 480. போட்ட முதல் 300, இலாபம் 180, அதுவும் 480. அடுப்பு நான்கு தீபாவளிக்கு உழைக்கும் என்றால் இவ்வாண்டுக்கு 50 ரிங்கிட் தேய்மானம். இலாபம் 130 ஆகிவிடும். தாயாரின் உழைப்புக்குக் கூலியே போடவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கையிருப்பும் இலாபமும் ஒன்றல்ல. வாங்கிய கடன் வருமானமன்று. தொழிலின் பணமும் குடும்பத்தின் பணமும் வேறு வேறு ஏடுகள். இவை தெரியாமல் தங்கையின் 200-ஐயும் ஆதாயமென்று செலவழித்து, அடுத்த ஆண்டு மாவு வாங்க ஆலோங்கிடம் போய் நிற்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் உண்டு. முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்மொழியில்தானே, தமிழில் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கின்றனர். படிவம் நான்கில் கணக்கியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவன் அசெட், லியாபிலிட்டி, டெபிட், கிரெடிட் என்ற பெயர்களை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வான். கருத்து தாய்மொழியில் தெளிந்திருந்தால்தான் அப்பெயர்கள் ஒட்டும். கணக்கியலைத் தேர்ந்தெடுக்காத பிள்ளைக்கோ ஆறாம் ஆண்டில் நாம் சொல்வதே கடைசிப் பாடமாகவும் அமைந்துவிடலாம்.

அடுத்த சிற்றுண்டி விற்பனை நாளில் ஒன்று செய்து பாருங்கள். வகுப்பைக் கடைக்காரர், வாடிக்கையாளர் என்று இரண்டாகப் பிரித்து, ஒரே விற்பனையை இரு குறிப்பேடுகளில் எழுதச் செய்யுங்கள். பிறகு ஏடுகளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தம் சற்று அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.